படல் தாண்டும் பூனை

கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில் அண்மைக்காலமாக ஒரு புதிய கேள்வி காதில் விழுகிறது. நகரத்து அடுக்ககங்களை விட்டு ஆனைகட்டிப் பக்கமோ தொண்டாமுத்தூர்ப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ தோட்டம் வாங்கிக் குடியேறுவோர் தங்கள் பூனைகளையும் உடன் கொண்டுவருகின்றனர். வந்த பூனையை வெளியே திரிய விடலாமா, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே அக்கேள்வி. உள்ளூர்ப் பெரியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றுகிறது. மாட்டைக் கட்டுத்தரையில் கட்டுவார்கள், ஆட்டைப் பட்டியில் அடைப்பார்கள், நாயையும் சங்கிலியில் பிணைப்பார்கள். பூனையை அடைத்து வளர்த்தவர் யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

அவர்களுடைய வியப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வழக்கம் நெடுங்காலம் சரியாக நடந்துவந்தது என்றால், எந்தச் சூழலில் அது சரியாக நடந்தது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும். கொங்கு நாட்டுப் பூனை கட்டற்றுத் திரிந்த வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது இவ்வழக்கைத் தீர்க்க உதவும் என்று நாம் கருதுகிறோம்.

தமிழில் பூனையின் பெயர்களிலிருந்து தொடங்கலாம். பழைய பெயர்கள் வெருகு, பூசை என்பன. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயர் குட்டி என்கிறது. மூங்கா, எலி, அணில் ஆகியவற்றோடு அதை ஒரே வரிசையில் வைக்கிறது. அதே மரபியல் வெருகைப் பூசை என்று வழங்குவதையும் தள்ள வேண்டியதில்லை என்று இடந்தருகிறது. வெருகு என்பதற்குக் காட்டுப்பூனை என்றும் ஆண்பூனை என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. காட்டில் உள்ளதற்கும் வீட்டில் உள்ளதற்கும் இடையே மொழி ஓர் உறுதியான சுவரை எழுப்பவில்லை என்பது இதனால் விளங்கும்.

சங்கப் பாடல்களிலும் இதே நிலைதான். குறுந்தொகை 107ஆம் பாட்டில் மதுரைக் கண்ணனார் படைத்த தலைவி, காதலனுடன் துயின்ற தன்னை எழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டெலி தேடி வரும் வெருகுக் குட்டிக்கு அச்சேவல் இரையாகித் துன்புற வேண்டும் என்பது அவள் சாபம். அதே தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை வேளையில் வேலியருகே வெருகைக் கண்டு அஞ்சிய பெட்டைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியைக் காட்டுகிறார். எலியைப் பிடிப்பதும் அதுவே, கோழியைப் பிடிப்பதும் அதுவே. அது வரும் பொழுது இருட்டிய பின்; அது நடமாடும் இடம் வீட்டின் விளிம்பு. பூனையின் நன்மையும் தீமையும் ஒரே உடம்பில் இருப்பதை அப்புலவர்கள் மறைக்கவில்லை. இன்றைய விவாதத்தில் இரு தரப்பாரும் மறந்துவிடும் செய்தி இது.

இங்கே உயிரியலார் கண்டறிந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நம் வீட்டுப் பூனை நம் நாட்டுக் காட்டுப்பூனையின் வழித்தோன்றல் அன்று. 2007இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, உலகின் வீட்டுப்பூனைகள் யாவும் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனை இனத்திலிருந்து வந்தவை என்று காட்டியது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனைப் புதைத்த இடத்தருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் அறிவித்தனர். மனிதன் தானியத்தைச் சேமித்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நம் துணைக்கண்டத்திலும் அதன் தடம் பழையது. சிந்துவெளி நகரமான சன்குதாரோவில் 1935-36இல் மக்கே நடத்திய அகழாய்வில் கிடைத்த ஒரு செங்கல்லில், அது ஈரமாக இருந்தபோது ஓடிய பூனையின் காலடியும் நாயின் காலடியும் பதிந்திருக்கின்றன. நாய் துரத்தப் பூனை ஓடியது என்று அகழாய்வாளர்கள் அதைப் படித்தனர். அந்தப் பூனையும் அடைத்து வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இனிக் கொங்குக்கு வருவோம். தமிழகத்தின் ஆற்றுப்பாசன ஊர்களில் வீடுகள் தெருத்தெருவாக நெருங்கியிருக்க, கொங்கில் உழவர்களில் பலர் தத்தம் தோட்டத்திலேயே சாளை கட்டிக் குடியிருந்தனர். காங்கயம் வட்டாரத்தில் களப்பணி செய்து 1972இல் கொங்கு உழவர் சமூகம் பற்றிய நூலை வெளியிட்ட பிரெண்டா பெக் போன்ற ஆய்வாளர்கள் இச்சிதறிய குடியிருப்பு முறையைக் கவனித்துள்ளனர். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே காடு கழனி, கிளுவை வேலி, வழியில் ஒரு படல். மேய்ச்சலுக்கென்று வேலியிட்டு விட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும். காங்கயம் மாடுகளை வளர்த்த நிலம் அது. இப்படிப்பட்ட நிலத்தில் பூனைக்கு அடுத்த வீட்டுக் கூரை என்று ஒன்று கிடையாது. அதன் உலகம் ஒரு சாளை, ஒரு களம், ஒரு வைக்கோற்போர், ஒரு வேலி. கடுவன் மட்டும் துணை தேடிப் பல தோட்டங்களைத் தாண்டிப் போகும். பெண்பூனை பெரும்பாலும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும்.

அந்தச் சாளைக்குள் தானியம் இருந்தது. சோளமும் கம்பும் ராகியும் குதிரில் கிடந்தன. சோளத்தைக் குழிவெட்டிப் புதைத்து வைத்தலும் உண்டு. பருத்தியும் நிலக்கடலையும் மூட்டையாக அடுக்கப்பட்டன. எலியும் பெருக்கானும் ஓர் ஆண்டின் உழைப்பைச் சில மாதங்களில் தின்றுவிடக் கூடியவை. அட்டாலியில் ஏறிப் படுக்கவும், குதிருக்குப் பின்னால் குட்டி போடவும் பூனைக்கு இடம் கொடுத்ததற்கு இதுவே காரணம். கறந்த பாலில் கொஞ்சம் கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். மீதிப் பாலையும் தயிரையும் அதே பூனைக்கு எட்டாதவாறு உறியில் தொங்கவிடுவார்கள். கொடுப்பதும் காப்பதும் ஒரே கையால் நடந்தன. இதை அன்பு என்று மட்டும் சொல்வதைவிட ஓர் ஒப்பந்தம் என்று சொல்வது பொருந்தும்.

இந்த நாட்டு வழக்கத்துக்குப் பின்னாளில் ஓர் அறிவியல் சான்றும் கிடைத்தது. இங்கிலாந்தின் சூழலியல் அறிஞர் சார்ல்ஸ் எல்டன் பண்ணைப் பூனைகளை ஆராய்ந்து 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏற்கெனவே எலி மண்டிய பண்ணையைப் பூனைகளால் துப்புரவாக்க முடியாது. ஆனால் ஒருமுறை எலியை ஒழித்துவிட்டால், கட்டடங்களைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் அது மீண்டும் குடியேறாமல் பூனைகள் காக்கும். அதற்கு நாள்தோறும் பால் வைத்து அவற்றை அங்கேயே தங்கச் செய்ய வேண்டும் என்பதும் அவர் கண்ட முடிவு. பசித்த பூனைதான் எலி பிடிக்கும் என்ற எண்ணம் தவறு என்பதை நம் பாட்டிமாரின் கொட்டாங்கச்சி முன்னமே அறிந்திருந்தது.

இந்த ஒப்பந்தத்துக்குப் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக், இருப்புப் பாதைகளின் வழியாகவும் வணிகப் பாதைகளின் வழியாகவும் நாடெங்கும் பரவியது. 1862இலேயே இருப்புப்பாதை வந்துவிட்ட பகுதி கோவை. 1888இல் நூற்பாலை வந்த ஊர். பஞ்சும் தானியமும் சாக்கும் ஓயாது வந்திறங்கும் இடத்தில் எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் வந்திறங்குவது அரிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பிளேக் கோவையைப் பலமுறை வாட்டியது. அதன் நினைவாகப் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இந்நகரில் இன்றும் இருக்கின்றன. ஓர் ஆங்கிலச் சொல் அம்மனின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த அச்சம் ஆழமாக இறங்கியிருந்தது.

எலியின் தெள்ளுப்பூச்சி வழியாகவே நோய் பரவுகிறது என்பதைக் கராச்சியில் பணியாற்றிய சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கண்டிருந்தார். எலியே வாயில் என்றால் வாயிற்காவலன் யார்? இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஆண்ட்ரூ புக்கானன், பூனைகள் பிளேக்கைத் தடுக்கும் என்ற கருத்தை 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் முன்வைத்தார். பூனை மிகுந்த ஊர்களை நோய் தீண்டவில்லை என்றும் பூனை வளர்ப்பை மக்களிடையே ஊக்குவிக்க வேண்டும் என்றும் அவர் வாதாடினார். உழவன் தன் குதிருக்காகச் செய்த ஏற்பாடு, பேரரசின் பொதுச் சுகாதாரக் கொள்கையாகும் தகுதி பெற்றது. சகுனத் தடை என்று ஏசப்பட்ட பிராணிக்கு அதுவே பெருமைமிக்க காலம் எனலாம்.

ஆனால் அந்தப் பெருமை அறிவியலில் நிலைக்கவில்லை. பிளேக் கிருமி பூனையையும் கடுமையாகத் தாக்கும் என்பதும், நோயுற்ற பூனையிடமிருந்து அது மனிதருக்குத் தொற்றும் என்பதும் பின்னர் உறுதியாயின. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1977 முதல் 1998 வரை பூனை வழியாக 23 பேருக்குப் பிளேக் தொற்றியது; அவர்களில் 5 பேர் இறந்தனர். 2024இலும் ஒரிகன் மாநிலத்தில் ஒருவருக்கு வளர்ப்புப் பூனையிடமிருந்து அந்நோய் வந்தது. எலி ஒழிப்பிலும் பூனையின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. நியூயார்க்கின் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமரா வைத்துக் கண்காணித்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. பூனைகள் அத்தனை நாளிலும் கொன்றவை 2 எலிகள்தாம். சுண்டெலியும் சிறு எலியும் பூனைக்கு எளிய இரை. வளர்ந்த பெருக்கானோடு மல்லுக்கு நிற்க அது விரும்புவதில்லை. அடங்காத எலிக்கூட்டத்தைப் பூனையை அவிழ்த்துவிட்டு அடக்கிவிடலாம் என்பது மிகை நம்பிக்கை. எல்டன் சொன்ன சிறு வட்டமே உண்மைக்கு நெருக்கமானது.

இந்தச் சிறு வட்டம் இன்று கொங்கில் எந்த நிலையில் இருக்கிறது? 1955இல் பவானிசாகர் அணை முடிந்தது. அடுத்த ஆண்டுகளில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் வந்தது. மின்மோட்டார் கிணற்றுக்குள் இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்த காடுகளில் மஞ்சளும் கரும்பும் தென்னையும் ஏறின. உண்ணும் சோறு நியாயவிலைக் கடையிலிருந்தும் மளிகைக் கடையிலிருந்தும் வரலாயிற்று. தானியம் காங்கயத்து ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் இடம்பெயர்ந்தது; குதிர் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. எலி அழிந்துவிடவில்லை. அது வயலிலும் தென்னையின் உச்சியிலும் இருக்கிறது. அங்கே பூனை காவல் இருப்பதில்லை. நச்சுக்கட்டிதான் காவல் இருக்கிறது. நஞ்சு தின்று தள்ளாடும் எலி பூனைக்கு எளிதாக அகப்படும். ப்ரோமடியோலோன் போன்ற நஞ்சுகள் தின்ற எலியின் உடலில் தங்கி, அதைத் தின்னும் பூனையையும் ஆந்தையையும் தாக்கக் கூடியவை.

வண்டித்தடமாக இருந்தவை தார்ச்சாலைகளாயின. குறுக்கே போன பூனையைக் கண்டு பயணத்தை நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் குறுக்கே போகும் பூனைக்காக எந்த வண்டியும் நிற்பதில்லை. கொறங்காடுகளில் பல மனைகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் எழுந்தன. ஆக, தானியம் போயிற்று, குதிர் போயிற்று, வெளியின் பாதுகாப்பும் போயிற்று. பழைய ஒப்பந்தத்தின் விதிகளில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. பூனையை வெளியே விடுவது.

எஞ்சிய அந்த ஒரு விதி யாருக்கு இடராகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் அமைந்தபின் வந்து பெருகிய பூனைகள், அங்கேயே எஞ்சியிருந்த ஒரு சிறு பறவையினத்தைச் சில ஆண்டுகளில் துடைத்தெடுத்தன. அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இக்கணக்குகளை அப்படியே கொங்குக்குப் பொருத்துவது முறையாகாது. நியூசிலாந்தின் பறவைகள் பூனை என்ற ஒன்றையே அறியாதவை. நம் கௌதாரியும் காடையும் ஆள்காட்டியும் வானம்பாடியும் வெருகோடு வாழ்ந்து பழகியவை. தரையில் முட்டையிட்டாலும் அதை மறைக்கக் கற்றவை.

ஆயினும் வெருகுக்கும் வீட்டுப்பூனைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கௌதாரி குறைந்தால் வெருகும் குறையும். இரை இல்லாத நிலத்தில் அதற்கு வாழ்வில்லை. வீட்டுப்பூனைக்கு மாலையில் தட்டு நிறையும். காடு வெறிச்சோடினாலும் அதன் எண்ணிக்கை குறையாது. கடைசிக் கௌதாரிக் குஞ்சையும் அது விளையாட்டாகவே பிடிக்கும். பெண்பூனை ஏறத்தாழ ஆறு மாதத்தில் பருவமெய்துகிறது; சுமார் 63 நாளில் ஈனுகிறது; ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றும் உண்டு. முன்பு ஒரு சாளையின் பாலும் எலியும் எத்தனை பூனையைத் தாங்குமோ அத்தனை மட்டுமே நிலைத்தன. கடையில் வாங்கிய தீனி அந்தக் கணக்கை மாற்றிவிட்டது.

இன்னொரு இடர் இனக்கலப்பும் நோயும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களில் காட்டுப்பூனையோடு துரும்பன் பூனை என்னும் மிகச் சிறிய பூனையும் வாழ்கிறது. உலகின் மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்றான அது இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. வீட்டுப்பூனையின் தொற்றுநோய்கள் காட்டில் வாழும் இத்தகைய உறவினருக்கும் பரவக் கூடியவை. கலப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. அங்கே வீட்டுப்பூனைகளோடு கலந்து கலந்து, தூய காட்டுப்பூனை தானாக நிலைத்து வாழும் நிலையில் இல்லை என்று 2019இல் அறிவிக்க நேர்ந்தது. பின்னர் காப்பகத்தில் வளர்த்தவற்றை 2023 முதல் காட்டில் விட்டு வருகின்றனர். வெருகைப் பூசை என்று சொன்னால் தவறில்லை என்றது மரபியல். சொல்லில் சுவர் இல்லாதது மொழிக்கு வளம். இரத்தத்தில் சுவர் இல்லாமற்போனால் வெருகு என்ற உயிரே இல்லாமற்போகும்.

அப்படியானால் பூனையை நான்கு சுவர்களுக்குள் அடைத்துவிடலாமா? அதையும் நாம் எளிதில் பரிந்துரைக்க மாட்டோம். ஏறவும் பதுங்கவும் வேட்டையாடவும் படைக்கப்பட்ட உயிர் அது. வெறும் அறையில் அது சலித்துச் சோர்கிறது. பண்ணையம் உண்மையாகவே நடக்கும் சாளையில், தீவனமும் தானியமும் இருக்கும் இடத்தில், ஒன்றிரண்டு பூனைகள் சுற்றிவருவதை மறுக்கவும் காரணமில்லை. நாம் சொல்ல வருவது இவ்வளவே. நிலம் முன்பு செய்து வந்த வேலைகளை இனி வளர்ப்பவரே செய்தாக வேண்டும். தொகையை நிலம் கட்டுப்படுத்தியது. இனிக் கருத்தடை அறுவை கட்டுப்படுத்த வேண்டும். வெறிநோய்க்கும் பூனைகளின் பிற தொற்றுகளுக்கும் தடுப்பூசி போட வேண்டும். பூனையை விட்டவர் தம் தோட்டத்தில் எலிநஞ்சு வைப்பது கூடாது. அந்த வேலைக்குத் தஞ்சாவூர்க் கிட்டியும், ஆந்தை வந்தமர வயலில் நடும் பறவைத் தாங்கியும் உள்ளன.

பூனைக்கு மணி கட்டுவது பற்றியும் கேட்பார்கள். இங்கிலாந்தில் வீட்டுப்பூனைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. இறைச்சி மிகுந்த உணவு தந்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் அவற்றோடு விளையாடியபோது 25 விழுக்காடு குறைந்தது. மணியைவிட நம் நேரம் பயனுள்ளது என்று தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை மங்கியதும் பூனையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது நல்லது. மாசாத்தியாரின் கோழி அஞ்சியதும் கண்ணனாரின் வெருகு உலவியதும் அந்தப் பொழுதுகளில்தாம். ஆனைகட்டி போன்ற காட்டோரத் தோட்டங்களில் பகலிலும் கம்பிவலை அடைத்த திண்ணையே போதும். அங்கே துரும்பன் பூனைக்கு வீட்டுப்பூனையால் இடர். வீட்டுப்பூனைக்குச் சிறுத்தையால் இடர்.

பூனையை யாராவது அடைத்து வளர்ப்பார்களா என்று கேட்ட பெரியவர்களுக்கு நாம் மறுப்பாக எதையும் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் பூனைக்குக் குதிர் இருந்தது, பால் இருந்தது, வேலிக்கு அப்பால் அமைதியான கொறங்காடு இருந்தது. அவற்றைத் திரும்பத் தர நம்மால் இயலாது. அவர்களைக் காட்டிப் பூனையை வெளியே விடுகிறவர்கள், அவர்கள் அந்தப் பூனைக்கும் நிலத்துக்கும் கொடுத்திருந்த மற்றவற்றையும் ஏதேனும் ஒரு வகையில் ஈடு செய்ய வேண்டும். அது முடியாதெனில், படலைச் சாத்திவிடுவதே பூனைக்கும் கௌதாரிக்கும் நல்லது.